சங்கிலியின் மறுமுனை

சென்ற முறை பதுளைக்குப் போய்த் திரும்பியதிலிருந்து இதை எழுத நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டு வந்தேன். முப்பது வருடங்களாக ஊரார் குற்றங்களைப் பத்திரிகையில் எழுதி வந்தவனுக்குத் தன் வீட்டுக் குற்றத்தை எழுதக் கை கூசுகிறது. ஆயினும் எழுதாமல் விடுவது அதைவிடப் பெரிய குற்றம் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். என் அக்கா குடும்பம் அங்கேதான் இருக்கிறது. பழைய லயத்தை விட்டு, ஏழு பேர்ச் காணியில் கட்டிய தனி வீட்டுக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. அக்காவின் இளைய மகன் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறான். நல்ல பிள்ளை. மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவன். ஒன்றரை வருடத்துக்கு முன்னர் அவன் ஒரு பிட்புல் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். விலை அவனுடைய இரண்டு மாதச் சம்பளம். குட்டியின் காதுகள் விற்ற இடத்திலேயே வெட்டப்பட்டிருந்தன. காது வெட்டினால்தான் பார்க்கப் பயங்கரமாக இருக்குமாம். 'டைசன்' என்று பெயர் வைத்தான். முற்றத்தில் ஓர் இரும்புக் கம்பி நட்டு, மூன்று முழச் சங்கிலியில் அதைக் கட்டினான். இரண்டு நாள் கழித்துக் கொழும்புக்குப் பஸ் ஏறிவிட்டான்.

அதன்பின் டைசனின் உலகம் அந்த மூன்று முழ வட்டந்தான். அக்கா காலையில் பெரட்டுக்குப் போகுமுன் சோறு வைப்பாள். மாலையில் மலையிலிருந்து இறங்கியபின் மறுபடி வைப்பாள். மழைக்கு ஒதுங்க ஒரு தகரத் துண்டு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்கள் அதற்குக் கல்லெறிந்து விளையாடினார்கள். ஊவா மலைகளின் பனியும் குளிரும் தெரிந்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை.

கடந்த தைப்பொங்கலுக்குப் போயிருந்தபோது நான் அதைப் பார்த்தேன். கழுத்தில் சங்கிலி உராய்ந்து புண்ணாகியிருந்தது, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. "ஏன்டா இப்படிக் கட்டி வைத்திருக்கிறாய்?" என்று மருமகனிடம் கேட்டேன். "குட்டியிலிருந்தே கட்டிப்போட்டாத்தான் மாமா வெறி வரும்னு சொன்னாங்க. அவுத்து விட்டா சாதாரண நாய் மாதிரி ஆயிடுமாம்" என்றான். நான் சிரித்தேன். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சில மாதங்களுக்குப் பின் ஒரு மாலை, துருப்பிடித்த கம்பி கழன்றது. டியூஷன் முடிந்து அந்த வழியே வந்த எட்டு வயதுச் சிறுமியின் வலது கையைக் கௌவிய நாய், நான்கு பேர் இழுத்தும் விடவில்லை. பிள்ளையை வானில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இரண்டு விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. கொழுந்து பறிக்கிற குடும்பத்தில் பிறந்து, படித்து மேலே வரவேண்டிய பிள்ளை. எழுதுகிற கை.

நாயைத் தோட்டத்து ஆட்கள் பொல்லுகளால் அடித்தே கொன்றார்கள். மலையிலிருந்து ஓடிவந்த அக்காவைக் கண்டதும், அடிபட்டுக் கிடந்த நிலையிலும் அது வாலை ஆட்டியதாம். தன்மீது எறிந்த வேல் உடம்பிலே தைத்திருக்க, எறிந்தவனைப் பார்த்து வாலைக் குழைக்கும் நாயைப் பற்றி நாலடியார் சொல்கிறது. பேராதனையில் கலைப்பட்டத்துக்குப் படித்த காலத்தில் அதை உவமை என்றுதான் எண்ணியிருந்தேன்.

கதை அத்துடன் முடியவில்லை. மூன்றாம் நாள் யாரோ இறைச்சியில் நஞ்சு வைத்தார்கள். லயங்களைச் சுற்றித் திரிந்த நாய்கள் வரிசையாகச் செத்துக் கிடந்தன. பிள்ளைக் காம்பராவின் வாசலில் படுத்திருந்து, எந்தக் குழந்தையையும் ஒருநாளும் சீண்டாத கிழட்டு நாயும் அவற்றில் ஒன்று. தோட்ட நிருவாகம் 'நாய்கள் அனைத்தும் அகற்றப்பட வேண்டும்' என்று அறிவித்தல் ஒட்டியது. எல்லாரும் திருப்தியடைந்தார்கள். பிட்புல் விற்றவன் கொழும்பிலே அடுத்த குட்டியை விற்றுக்கொண்டிருப்பான்.

இந்த இடத்தில்தான் என் வழக்கு தொடங்குகிறது.

'பிட்புல் என்றால் அப்படித்தான். அது பிறவிக் கொலைகார இனம்' என்கிறார்கள். அதன் பிறப்பைச் சற்றுப் பார்ப்போம். இங்கிலாந்தில் காளை மாட்டைக் கட்டி வைத்து, அதன்மேல் நாயை ஏவிவிட்டு வேடிக்கை பார்ப்பது ஒரு காலத்தில் கனவான்களும் பாமரரும் சேர்ந்து இரசித்த பொழுதுபோக்கு. 1835இல் அதனைச் சட்டம் தடை செய்தது. மாட்டோடு மோதவிட முடியாமற் போனதும் நாயோடு நாயை மோதவிட்டார்கள். அதற்காகக் காளைச்சண்டை நாயையும் 'டெரியர்' வகையையும் கலந்து உருவாக்கிய இனங்கள் அமெரிக்காவுக்குப் போயின. அங்கே 1898இல் தொடங்கப்பட்ட ஒரு நாய்ச் சங்கம் 'அமெரிக்கன் பிட்புல் டெரியர்' என்று பெயரிட்டுப் பதிவு செய்தது. 'பிட்' என்பதே நாய்ச்சண்டை நடந்த குழி. அந்தக் குழியை வெட்டியவன் மனிதன்.

பிட்புல் ஆட்டுக்குட்டி போன்றது என்று நான் சொல்லமாட்டேன். அதன் தாடை பூட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை. ஆனால் அது பலம் மிக்க நாய். பிடித்ததை இலகுவில் விடாத சுபாவம் அதற்கு ஊட்டப்பட்டிருக்கிறது. கடித்தால் காயம் பெரிது. ஆகவேதான் அதை வளர்ப்பவனின் பொறுப்பும் பெரிது என்கிறேன். லொறி ஓட்டுகிறவனுக்குச் சைக்கிள்காரனைவிடக் கவனம் வேண்டும் என்பதைப் போல.

அமெரிக்காவில் மைக்கல் விக் என்ற புகழ்பெற்ற கால்பந்தாட்ட வீரர் 2007இல் நாய்ச்சண்டை நடத்திய குற்றத்துக்காகச் சிறை சென்றார். அவருடைய இடத்திலிருந்து ஏறத்தாழ ஐம்பது பிட்புல் நாய்கள் மீட்கப்பட்டன. சண்டைக்கென்றே வளர்க்கப்பட்டவை, எல்லாவற்றையும் கொன்றுவிடவேண்டும் என்று பெரிய அமைப்புகளே சொல்லின. நீதிமன்றம் ஒவ்வொரு நாயையும் தனித்தனியே பரிசோதிக்கச் செய்தது. மூர்க்கத்தின் காரணமாகக் கொல்லவேண்டியதாகத் தீர்மானிக்கப்பட்டது ஒன்றே ஒன்று. பெரும்பாலானவை காப்பகங்களுக்கும் வீடுகளுக்கும் போயின. அவற்றின் பராமரிப்புக்காக ஒன்பது இலட்சம் டொலருக்கு மேல் விக் செலுத்த வேண்டியிருந்தது. சங்கிலியின் மறுமுனையைப் பிடித்திருந்தவனிடம் கணக்குக் கேட்ட வழக்கு அது.

'அப்படியானால் தடை செய்துவிட்டால் போயிற்றே' என்று நீங்கள் கேட்கலாம். பல நாடுகள் செய்து பார்த்தன. இலண்டன் வாசகர்களுக்கு 1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டம் தெரிந்திருக்கும். பிட்புல் உட்பட நான்கு இனங்கள் தடை செய்யப்பட்டன. முப்பது வருடங்களுக்குப் பிறகு 'எக்ஸ்எல் புல்லி' என்ற புதிய பெயரில் அதைவிடப் பெரிய நாய் வந்து, 2024 பெப்ரவரியிலிருந்து அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதும் குற்றம் என்று ஆக்கவேண்டி வந்தது. நெதர்லாந்து 1993இல் பிட்புல்லைத் தடை செய்தது. நாய்க்கடி குறையவில்லை என்று கண்டு 2008இல் அத்தடையைக் கைவிடத் தீர்மானித்தது. கனடாவில் ஒன்ராறியோ மாகாணம் 2005இல் தடையைக் கொண்டு வந்தது. அதே கனடாவில் கல்கரி நகரம் 2006இல் வேறு வழியில் போனது: எந்த நாயானாலும் பதிவு, எந்த நாய் கடித்தாலும் உரிமையாளருக்குக் கடும் அபராதம். இனத்தைப் பற்றி அச்சட்டம் பேசவேயில்லை. வளர்ப்பவனைப் பற்றிப் பேசியது.

இந்தியாவிலும் இதே தடுமாற்றந்தான். 2022இல் இலக்னோவில் மூதாட்டி ஒருவர் சொந்த வீட்டுப் பிட்புல்லாலேயே கடியுண்டு இறந்தார். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடை செய்யுமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உரியவர்களைக் கலந்தாலோசிக்காமல் வெளியிடப்பட்டது என்று அடுத்த மாதமே கர்நாடக, டில்லி உயர் நீதிமன்றங்கள் அதனைச் செல்லாதாக்கின. மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்துப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியவை பிட்புல் அல்ல, ரொட்வைலர் நாய்கள். நாளை வேறோர் இனம் வரும். மிரட்சி தரும் நாய் வேண்டும் என்று மனிதன் ஆசைப்படும் வரையில், பெயர் மாற்றி அதை விற்க ஒருவன் இருப்பான்.

அந்த ஆசை எங்கிருந்து வந்தது? மலையகத்தானாகிய எனக்கு அது புரியாத ஒன்றல்ல. மலைநாட்டு வெள்ளைக்காரரின் பெருமையே துப்பாக்கியும் வேட்டைநாயும்தான். நுவரெலியாவில் குடியேறி நாய்ப் பட்டாளத்தோடு மரை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், 1854இல் வெளியிட்ட தம் நூலுக்கு அவ்விரண்டையுமே தலைப்பாக்கினார். வெள்ளைத்துரை போய் ஜனவசம காலம் வந்தபின்னும் பங்களாவும் அதன் நாயும் போகவில்லை. சிறுவனாக நான் அப்பாவோடு ஒரு கடிதம் கொடுக்கப் பெரியதுரை பங்களாவுக்குப் போயிருக்கிறேன். கேற்றுக்கு உள்ளே உயர்ந்த சாதி நாய் ஒன்று நின்று குரைத்தது. அப்பா தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் வெளியே நின்றார். அந்த நாய்க்கு இறைச்சி சமைக்க ஆள் இருந்தது. எங்களுக்குக் கதவு திறக்க ஆள் இல்லை. அந்த அவமானம் என் வயதுக்காரர் எல்லாருக்கும் தெரியும். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

என் மருமகன் வாங்கியது நாயை அல்ல. துரை பங்களாவின் கேற்றை வாங்கினான். தன் வீட்டு வாசலிலும் யாராவது பயந்து நிற்கவேண்டும் என்று விரும்பினான். அவன் மறந்துபோன ஒன்று உண்டு. அவன் வாசலில் வந்து நின்றது துரை அல்ல. அடுத்த லயத்துக் கூலிக்காரரின் மகள்.

'மனிதனுக்கே சோறில்லாத தோட்டத்தில் நாய்க்கு உரிமை கேட்க வந்துவிட்டார்' என்று என்னைத் திட்டப்போகிறவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சங்க நண்பர் ஒருவர் ஏற்கெனவே தொலைபேசியில் திட்டிவிட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். கடியுண்டது தொழிலாளியின் பிள்ளை. விசர்நாய்க்கடி ஊசி அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசந்தான். ஆனால் அது ஒரே நாளில் முடிவதில்லை. குறித்த நாட்களில் திரும்பத் திரும்பப் போகவேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் தாயின் ஒருநாள் பேர் போகிறது. பஸ் காசு போகிறது. டைசனுக்கு எப்போதாவது தடுப்பூசி போட்டதா என்று டொக்டர் கேட்டார். அட்டை இல்லை. நாயின் தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினால் மூளையைச் சோதித்து நோய் இருந்ததா என்று சொல்லிவிடுவார்கள். அதற்குள் நாயை அடித்து, எரித்து, புதைத்தும் ஆகிவிட்டது. ஆத்திரம் தீர்ந்தது; அறியவேண்டியது தெரியாமற் போனது. பிள்ளை எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. நாயை ஒழுங்காக வளர்ப்பது நாய்க்குச் செய்யும் தருமம் மட்டுமல்ல. அயலானின் பிள்ளைக்குச் செய்யும் கடமை.

கொன்று குவிப்பதால் பயன் உண்டா என்பதையும் இந்த நாடு பார்த்தாயிற்று. 1893ஆம் ஆண்டின் நீர்வெறுப்பு நோய்ச் சட்டம் தொட்டு நாம் கட்டாக்காலி நாய்களைக் கொன்று வந்திருக்கிறோம். அப்படிக் கொன்றும் 1973இல் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். பின்னர் அந்தத் தொகையை ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவுக்கு இறக்கியவை முக்கியமாக நாய்களுக்குப் போட்ட தடுப்பூசியும் மனிதருக்குக் கிடைத்த சிகிச்சையும். நாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கை 2006இல் வந்தது. அதன் பிறகும் மரணங்கள் அந்தப் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நஞ்சு வைத்த புண்ணியவான், ஊசி போட்ட நாய்களையும் சேர்த்துக் கொன்று, ஊசி போடாத புதிய நாய்கள் வந்து குடியேற இடம் திறந்து கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான்.

சட்டம் என்ன செய்கிறது? நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901இலிருந்து இருக்கிறது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907இலிருந்து இருக்கிறது. அதன் அபராதத்தின் உச்சம் 100 ரூபாய். அக்காலத் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி ஒரு ரூபாயில் மூன்றில் ஒரு பங்கு. எனவே அந்த நூறு ரூபாய் ஏறத்தாழ முந்நூறு நாள் உழைப்பு. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். எட்டு மணித்தியால வேலை என்று கொண்டால், நூறு ரூபாய் ஒரு மணித்தியாலக் கூலிகூட இல்லை! சட்ட ஆணைக்குழு 2006இல் புதிய விலங்கு நலச் சட்டத்துக்கு வரைவு கொடுத்தது. 2010இல் அது தனிநபர் மசோதாவாகப் பாராளுமன்றத்துக்கு வந்தது. அதன்பின் எத்தனையோ அரசாங்கங்கள் வந்து போயின. 2020களிலும் அது வரைவாகவே கிடந்தது.

மலையகத்துக்கு இதில் தனியான ஓர் அநீதியும் உண்டு. நாய்ப் பதிவு உள்ளூராட்சி மன்றத்தின் வேலை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி, சபைகள் தங்கள் நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிட வழியில்லாதிருந்தது. எங்கள் வாக்கை வாங்கிக்கொண்டு எங்கள் பாதைக்குக் கல் போடமுடியாத சபைகள் அவை. 2018இல் வந்த திருத்தந்தான் அந்தக் கதவைத் திறந்தது. பாதைக்கும் தண்ணீருக்கும் சண்டை போட்டது சரி. ஆனால் லயத்து நாய்க்கு ஊசி, பதிவு, கருத்தடை என்று எந்தச் சபை உறுப்பினராவது வாய் திறந்ததாக நான் கேள்விப்படவில்லை. தோட்டத்துப் பிள்ளையின் கை அவ்வளவு மலிவா?

நான் கேட்பவை பெரியவை அல்ல. ஊவாவின் பிரதேச சபைகள் ஆண்டுக்கு ஒருமுறை பெரட்டுக் களத்துக்கே வந்து ஊசி போட்டு, அதே இடத்தில் உரிமையாளர் பெயரில் நாயைப் பதிவு செய்யட்டும். பலம்மிக்க நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவன் அனுமதிப்பத்திரம் பெறட்டும்; யாருக்கு விற்றான் என்று ஏடு வைக்கட்டும்; காது வெட்டினால் கடை மூடப்படட்டும். நாய் கடித்தால் சிகிச்சைச் செலவும் இழந்த நாட்கூலியும் உரிமையாளன் தலையில் விழட்டும். 1907ஆம் ஆண்டின் நூறு ரூபாயை அருங்காட்சியகத்துக்கு அனுப்பட்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவையும் உண்டு. நாளெல்லாம் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாதவன் பிட்புல் வாங்கக்கூடாது. வாங்கினால் குட்டிப் பருவத்திலேயே மனிதரோடும் பிள்ளைகளோடும் பழக்கவேண்டும். காலையும் மாலையும் நடத்திக் கூட்டிச் செல்லவேண்டும். வெளியே போகையில் வாய்ப்பூட்டு வேண்டும். சங்கிலியை விடப் பாதுகாப்பானது நல்ல வேலி. கருத்தடை செய்யவேண்டும். பிள்ளைகளுக்குக் கல்லெறிய அல்ல, கட்டியிருக்கும் நாயை விட்டு விலகி நடக்கச் சொல்லிக் கொடுக்கவேண்டும். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, மந்திரிக்கப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

புலம்பெயர்ந்த உறவினருக்கும் ஒரு வார்த்தை. ஊருக்குப் பணம் அனுப்பி 'நல்ல சாதி நாய் ஒன்று வாங்கிக் கட்டுங்கள், களவுக்குப் பாதுகாப்பு' என்று சொல்கிறீர்கள். நீங்கள் வாழும் நாட்டில் ஒரு நாயை அப்படிக் கட்டி வைத்தால் அயலவர் பொலிசுக்கு அறிவிப்பார். அந்த நாட்டில் நீங்கள் கைக்கொள்ளும் நியாயத்தைப் பணத்தோடு சேர்த்து ஊருக்கும் அனுப்புங்கள்.

மருமகன் இப்போது விடுமுறை நாட்களில்கூட ஊருக்குப் போவதில்லை. பிள்ளையின் தகப்பன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்கிறான். போன வாரம் அவனைக் கொழும்பிலே சந்தித்து, பிள்ளையின் சிகிச்சைக்கு மாதா மாதம் ஒரு தொகை கொடுக்கவேண்டும் என்றேன். சம்மதித்தான். பாதியை நான் போடுகிறேன். "நீங்க ஏன் மாமா?" என்று கேட்டான்.

பொங்கலன்று அந்தக் கழுத்துப் புண்ணைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்தவன் நான் என்றேன்.